அழித்த கடிதங்களைக் காணவில்லை

ஃபைசன் நமலொம்பாவுக்குப் பிழைதான் பிழைப்பு. மலையடிவார ஊரான ஸோம்பாவில், மேலே ஏறும் சாலையோரத்து அச்சகம் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாக மெய்ப்புப் பார்க்கிறார். ஆரம்பப் பள்ளிப் பாடநூல், தேவாலயப் பாட்டுப் புத்தகம், விதைக் கம்பெனி காலண்டர், எதுவானாலும் அவர் மேஜையைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். கையில் சிவப்புப் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி. இந்தக் கண் அச்சகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மினிபஸ் முதுகில் எழுதியிருக்கும் வசனத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால்கூட இறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வருவார். மனைவி எலுபி வாங்கி வரும் சோப்பு உறையையும் விட்டுவைக்க மாட்டார்.

"குளிக்கத்தானே வாங்கிட்டு வந்தேன், படிக்கவா?" என்பாள் எலுபி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, நசீமா என்கிற சோளக்களி உருண்டையை வெண்டைக்காய்க் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டு முடித்ததும் ஃபைசனுக்கு இன்னொரு வேலை தொடங்கும். பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஊர்க்காரர்களுக்குப் பதில் எழுதுவார். கணினியில் மெயில் படிக்கிற ஒரு புரோகிராம். அதைப் பயன்படுத்துகிறவர்கள் சிக்கல் வந்தால் கேள்வி கேட்க இணையத்தில் ஓர் இடம் உண்டு. கூலி எதுவும் கிடையாது, தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம். ஒரு சமயம் ஃபைசனின் சொந்த மெயில்கள் காணாமல் போனபோது, பனி விழும் தேசத்திலிருந்து ஒரு அம்மாள் நாள்கணக்கில் பொறுமையாக எழுதி அவற்றை மீட்டுக் கொடுத்தார். அந்தப் பொறுமை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அச்சகத்தில் பிழையைக் கண்டுபிடித்தால் முகம் சுளிப்பார்கள். இங்கே கண்டுபிடித்தால் வரிசையாக ஆச்சரியக்குறி போட்டு நன்றி சொல்கிறார்கள்.

அந்த இடத்தில் சேரும்போது புனைபெயர் ஒன்று கொடுக்கச் சொன்னது. அந்த நேரம் பார்த்து எலுபி கொல்லைப்பக்கம் கீரைப் பாத்தியில் நுழைந்த வெள்ளாட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஃபைசன் 'வெள்ளாடு' என்று தட்டிவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

எல்லாக் கேள்விக்கும் அவர் போக மாட்டார். 'நான் அழித்த மெயில்களைக் காணோம்' என்று யாராவது கதறினால் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அதில் அவருக்கு இணை கிடையாது.

"அழிச்சதை எதுக்குங்க தேடணும்? அழிக்கறதுக்கு முன்னாடி யோசிக்க மாட்டாங்களா?" என்று எலுபி ஒருதரம் கேட்டாள்.

"குப்பைன்னு நினைச்சுத்தான் அழிக்கறாங்க. குப்பை இருந்த இடம் காலியானதும் மனசு பதறுது. எல்லா ஊர்லயும் இப்படித்தான்" என்றார் ஃபைசன்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரே ஒரு முள். எலுபியின் அண்ணன் கிரேசியனோடு ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை.

கிரேசியன் லிக்காங்காலா ஆற்றங்கரையில் மரக்கன்றுகள் வளர்த்து விற்கிறவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். போன வருஷம் மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழைத் தானே எழுதி, 'சும்மா ஒரு பார்வை பார்' என்று மச்சானுக்கு மெயிலில் அனுப்பினார். ஃபைசனுக்குச் சும்மா பார்க்கத் தெரியாது. பக்கம் முழுக்கச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பினார். 'என்னை நாலாங்கிளாஸ் பையன்னு நினைச்சானா?' என்று கிரேசியன் பொங்கிவிட்டார். எழுதினது எழுதினபடியே அச்சாகி ஊரெல்லாம் போயிற்று. அதில் தேதி ஒன்று, கிழமை வேறொன்று. பாதி உறவினர் சனிக்கிழமையே புதுத்துணி உடுத்திக்கொண்டு, பூட்டிக் கிடந்த தேவாலய வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு அவசர அவசரமாகச் சோறு வடித்துப் போட வேண்டியதாயிற்று. 'புரூஃப் பார்க்கிறவன் பார்த்த லட்சணம் இது' என்றார் கிரேசியன். 'பார்த்துக் கொடுத்ததைப் போட்டிருந்தால்தானே' என்றார் ஃபைசன். அன்றோடு சரி.

வெளியில் அப்படிச் சொன்னாரே தவிர, வீட்டுக்கு வந்து தான் அனுப்பிய திருத்தத்தைத் திறந்து பார்த்தபோது ஃபைசனுக்குக் குப்பென்று வியர்த்தது. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, கமா, எல்லாவற்றையும் வளைத்திருந்தார். தேதியை மட்டும் பார்க்கவில்லை. இதை எலுபியிடம்கூட அவர் சொல்லவில்லை.

டிசம்பர் பிறந்தது. முதல் மழை இறங்கி, மாம்பழ வண்டிகள் சந்தைக்கு வரத் தொடங்கின. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் 'பெரிய மரம்' என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது.

'முக்கியமான மெயில் ஒன்றைத் தெரியாமல் அழித்துவிட்டேன். அழித்தவை போகும் பெட்டியில் பார்த்தால் அதுவும் இல்லை, வேறு எதுவும் இல்லை. பெட்டியே காலி. வருஷக்கணக்காக அழித்ததெல்லாம் அங்கேதான் இருந்தது. நான் காலி செய்யவில்லை. நான் முட்டாள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.'

ஃபைசனுக்கு இந்த ரகத்தைத் தெரியும். கோபமாக வருகிறவர்கள் பயந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். 'ஐயா, முதலில் ஒன்று பார்ப்போம். படிக்காத மெயில்களை மட்டும் காட்டு என்ற பொத்தான் தவறுதலாக அமுங்கியிருக்கலாம். அப்படியானால் படித்தவை எல்லாம் மறைந்துகொள்ளும்' என்று எழுதினார்.

'அமுங்கவில்லை' என்று பதில் வந்தது.

'சிலசமயம் ஒரே கணக்குக்கு இரண்டு குப்பைப் பெட்டி இருக்கும். போனில் அழித்தது ஒன்றில் போகும், கணினியில் அழித்தது இன்னொன்றில் போகும். இடதுபக்கம் பெட்டிகளின் வரிசை தெரிகிறதல்லவா, அதை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?'

மறுநாள் படம் வந்தது. ஃபைசன் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். பெட்டிகளின் பெயர்கள் அவருடைய தாய்மொழியான சிச்செவாவில் இருந்தன. 'நாற்றங்கால்' என்று ஒன்று. 'பாடகர் குழு' என்று ஒன்று. 'லவ்னெஸ் ஆஸ்பத்திரி' என்று ஒன்று. அதற்குக் கீழே 'ஃபைசன், பதில் போடாதே' என்று ஒன்று.

"எலுபி!" என்று கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி வந்தது. "இங்க வாயேன்."

எலுபி இடுப்பில் சுற்றியிருந்த சித்தெஞ்சேத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து படித்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்கண்ணன்தான்! உங்களுக்குன்னு தனிப் பெட்டியே வச்சிருக்கான் பாருங்க. கூடப் பொறந்தவ எனக்கு ஒண்ணுகூட இல்ல."

"இவருக்கா நான் ரெண்டு நாளா ஐயா போட்டு எழுதிட்டிருக்கேன்" என்றார் ஃபைசன்.

"பேரைச் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா அந்த நிமிஷமே மூடிட்டுப் போயிடுவான். வெள்ளாடாவே இருங்க."

அவருக்கும் அதுதான் சரி என்று பட்டது. தவிர, சிக்கல் இன்னும் அவிழவில்லை. அவிழாத சிக்கலை விட்டுவிட்டு எழுந்து போக அவரால் முடியாது, எதிரில் இருப்பவர் கிரேசியனே ஆனாலும். அந்தப் படத்தை இன்னொருமுறை உற்றுப் பார்த்தார். குப்பைப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதன் பெயருக்குப் பக்கத்தில் அது கணினியில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டியது. காலிப் பெட்டி அவ்வளவு இடம் பிடிக்காது. யோசித்து, ஒரு கேள்வி எழுதினார்: 'கடைசியாக நீங்கள் அழித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதா?'

'ஐயா, எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது போகவில்லை என்று கேளுங்கள்' என்று பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'நீங்கள் பொறுமையான மனிதர். இங்கே அப்படிப்பட்டவர்கள் கிடையாது.'

ஃபைசன் அந்தக் கடைசி வரியை எலுபிக்குக் காட்டவில்லை.

இப்போது அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மெயில்கள் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று புரோகிராம் தனக்காக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனதில் அந்தப் பட்டியல் கெட்டுவிட்டது. பட்டியலில் இல்லாததால் பெட்டி காலி என்று காட்டுகிறது. பழுதுபார்க்கும் பொத்தானை அமுக்கினால் பட்டியல் புதிதாக உண்டாகும், எல்லாம் திரும்பி வந்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் இதை நிதானமாக, படிப்படியாக எழுதி முடிக்கப் போகும் நேரத்தில் 'பெரிய மரம்' மறுபடி எழுதியிருந்தார்.

'பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். புரோகிராமையே முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இப்போது அதைத்தான் செய்யப் போகிறேன். உங்கள் நேரத்துக்கு நன்றி, திரு. வெள்ளாடு அவர்களே. கடவுள் ஆசீர்வதிப்பாராக.'

ஃபைசன் பதறிப்போனார். அந்தப் படத்தைப் பார்த்தபோதே அவருக்குத் தெரியும், கிரேசியனின் மெயில்கள் அந்த லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. முழுசாக எடுத்தால் பெட்டியும் போய்விடும், உள்ளே இருப்பதும் போய்விடும். 'வேண்டாம்! எதையும் தொடாதீர்கள்!' என்று தட்டினார். அனுப்பும் முன் விளக்கு அணைந்தது. இணையம் நின்றது.

"அண்ணனுக்குப் போன் போடு!"

எலுபி போட்டாள். "அணைச்சு வச்சிருக்கான். அண்ணியோடதும் அப்படியே. சார்ஜ் இருக்காது."

"நம்ம பக்கம் போனா அவர் பக்கம் இருக்கும். அவர் இப்ப உட்கார்ந்து எல்லாத்தையும் அழிச்சிட்டிருப்பார்."

"அப்ப இங்க நின்னு என்கிட்ட ஏன் சொல்றீங்க? போங்க!"

ஃபைசன் குடையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினார். தெருமுனையில் ஒரு சைக்கிள் டாக்ஸிக்காரன் மரத்தடியில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தான். பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "சிக்கண்டா. ஆற்றங்கரை நாற்றங்கால் வீடு. சீக்கிரம்" என்றார்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா, பெரியவரே?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒருத்தர் தன் தபாலையெல்லாம் கொளுத்தப் போறார்."

சைக்கிள்காரன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பிறகு வேகமாக மிதித்தான். மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. மேட்டில் ஃபைசன் இறங்கித் தள்ளிக்கொடுத்தார். கால்சட்டை முழங்கால்வரை சேறு.

கதவைத் திறந்த கிரேசியன், சொட்டச் சொட்ட நிற்கும் மச்சானைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"யார் செத்துப்போனா?"

"யாரும் சாகல. அழிச்சிட்டீங்களா மச்சான்?"

"எதை?"

"மெயில் புரோகிராமை."

கிரேசியனின் முகம் இறுகியது. "என் மெயில் விஷயம் உனக்கு யார் சொன்னா? இதோ பார், எனக்கு உதவி பண்ண வெளியூர்ல ஒருத்தர் இருக்கார். மரியாதை தெரிஞ்ச மனுஷன். உன்னை மாதிரி சிவப்புப் பேனாவைத் தூக்கிட்டு வர்ற ஆள் இல்ல."

"அவர் பேர் வெள்ளாடா?"

கிரேசியன் கண்ணைச் சுருக்கினார். "உனக்கெப்படித் தெரியும்?"

ஃபைசனுக்கு மூச்சு வாங்கியது.

"ம்மே" என்றார்.

உள்ளே கிரேசியனின் மனைவி லவ்னெஸ் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டாள். அவளுடைய சிரிப்புச் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. கிரேசியன் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை.

"நான் அவருக்கு முதல்ல என்ன எழுதினேன், சொல்லு பார்ப்போம்."

"நான் முட்டாள் இல்லைன்னு எழுதினீங்க."

கிரேசியன் கதவிலிருந்து விலகி வழிவிட்டார். "உள்ள வா. காலைத் துடை."

லேப்டாப் மேஜைமேல் இருட்டாகக் கிடந்தது. நடந்ததைக் கிரேசியன் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். புரோகிராமை எடுக்கப் போனபோது, 'உங்கள் மெயில்களையும் சேர்த்து நீக்கட்டுமா' என்று கேட்டதாம். ஆமாம் என்ற கட்டத்தில் குறி போட்டாராம். கடைசிப் பொத்தானை அமுக்கப் போகும் சமயம் இங்கேயும் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பின் பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது.

"இன்னைக்கு மட்டும் நம்ம மின்சாரக்காரங்களுக்கு நல்லா இருக்கணும்" என்றார் ஃபைசன். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

இனிக் கரண்ட் வரும்வரை செய்ய ஒன்றுமில்லை. லவ்னெஸ் துண்டு கொடுத்தாள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் தேநீரும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "சாப்பிடுங்கண்ணே, எவ்வளவு நாளாச்சு நீங்க வந்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிழங்கு தின்றார்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. பேசாமல் இருப்பதற்கு அதுவே ஒரு சாக்காக இருந்தது.

மழை கொஞ்சம் தணிந்ததும் அந்தச் சாக்கும் போயிற்று. ஃபைசன்தான் தொண்டையைச் செருமினார்.

"மச்சான். அந்த அழைப்பிதழ்."

"அதை எதுக்கு இப்ப?"

"நான் தேதியைப் பார்க்கல. எல்லாத்தையும் திருத்தினேன், தேதியை விட்டுட்டேன். நான் திருத்திக் கொடுத்ததை அப்படியே போட்டிருந்தாலும் பாதி ஜனங்க சனிக்கிழமைதான் வந்திருப்பாங்க."

கிரேசியன் கிழங்கைத் தட்டில் வைத்தார். அவருடைய பெரிய தோள்கள் லேசாகக் குலுங்கின. சிரிக்கிறாரா என்று ஃபைசனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"நீ அனுப்பினதை நான் முழுசாத் திறக்கவே இல்ல. மேல இருந்த சிவப்பைப் பார்த்தேன், கோபம் வந்துது, அழிச்சிட்டேன். நீ தேதியைத் திருத்தியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்ப இந்த ஒரு வருஷம் நாம எதுக்குச் சண்டை போட்டோம்?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே படிச்சவன்."

இம்முறை சந்தேகமில்லை, அவர் சிரித்தார். ஃபைசனும் சிரித்தார். லவ்னெஸ் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிழங்கு கொண்டுவந்து வைத்தாள்.

இருட்டுவதற்கு முன்பே தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது. ஃபைசன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் லேப்டாப்பில் கை வைக்கவில்லை.

"நீங்களே பண்ணுங்க. நான் சொல்றேன். மூணாம் மனுஷனுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன்."

"ஐயா போட்டுச் சொல்லு."

"ஐயா, முதல்ல பெட்டி மொத்தத்தையும் ஒரு பிரதி எடுத்து வைங்க. அப்புறம் மெயில் புரோகிராமைத் திறங்க."

திரை திறந்தது. இடதுபக்கம் பெட்டிகளின் வரிசை வந்ததும் கிரேசியன் சட்டென்று உள்ளங்கையால் ஓரிடத்தை மூடினார்.

"கையை எடுங்க, பார்த்தாச்சு. அதுல ஒரு எழுத்துப் பிழை இருக்கு" என்றார் ஃபைசன்.

"உன்னை..." என்று கிரேசியன் பல்லைக் கடித்தார். ஆனால் கையை எடுத்துவிட்டார்.

குப்பைப் பெட்டியின்மேல் அம்பை வைத்து மவுஸின் வலதுபக்கப் பொத்தானை அமுக்கி, விவரங்களைத் திறந்து, பழுதுபார்க்கும் பொத்தானை அமுக்கச் சொன்னார் ஃபைசன். கிரேசியன் அமுக்கினார். பெட்டி காலியாகவே இருந்தது. "ஒண்ணும் இல்லையே!" என்று அவர் எழப்போனபோது, மேலே ஒரு வரி தோன்றியது. அதன்கீழ் இன்னொன்று. பிறகு கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் கடிதங்கள் மளமளவென்று இறங்கின. படித்ததையெல்லாம் உடனே அழித்துவிடுவது கிரேசியனின் பழக்கம். சாப்பிட்டால் தட்டைக் கழுவ வேண்டும், படித்தால் அழிக்க வேண்டும் என்பார். கழுவிய தட்டெல்லாம் இப்போது ஒரேயடியாகத் திரும்பி வந்தன.

அவர் தேடிய மெயில் மேலேயே இருந்தது. ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் எழுதியது. செவ்வாய்க்கிழமை லாரி வரும், இன்ன கன்றுகளை எடுத்து வையுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கிரேசியன் வாய்க்குள்ளேயே படித்தார்.

"மபாவா! மபாவாக் கன்று கேட்டிருக்காங்க. நான் யூகலிப்டஸ்னு நினைச்சு அதையெல்லாம் ஒதுக்கி, தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன். லவ்னெஸ்! இங்க வந்து பார். லாரி முழுக்கத் தப்பான மரத்தை ஏத்தி அனுப்பியிருப்பேன்."

"நல்லவேளை, வெள்ளாடு வந்துது" என்றாள் லவ்னெஸ்.

அன்று ஃபைசன் வீட்டுக்குத் திரும்பும்போது பின்னால் கிரேசியனும் வந்தார். தங்கையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். எலுபி அண்ணனைக் கண்டதும் வாசலிலேயே இடுப்பில் கைவைத்து நின்று, ஒரு வருஷத்துக்குச் சேர்த்துத் திட்டினாள். கிரேசியன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். திட்டி முடித்ததும் அவருக்கு உலர்மீன் பொரித்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மபாவாக் கன்றுகள் ஒழுங்காக லாரி ஏறின. மூடையும் கூடையுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்ற ஃபைசன் அச்சகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

இப்போதெல்லாம் அந்தக் கேள்வி-பதில் இடத்தில் 'பெரிய மரம்' அடிக்கடி தென்படுகிறார். கேட்பதற்கு இல்லை, சொல்வதற்கு. வெள்ளாடு பக்குவமாக நாலு பத்தி எழுதுகிற இடத்தில் பெரிய மரம் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார். 'அழாதீர்கள். அது உள்ளேதான் இருக்கிறது. முதலில் தேநீர் குடியுங்கள், எதையும் தொடாதீர்கள், நான் வருகிறேன்' என்பது அவர் பாணி. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஃபைசனுக்கு வருவதைவிட அவருக்கு நன்றிகள் அதிகமாக வருகின்றன. பாதிப் பதில்களில் எழுத்துப்பிழை வேறு.

"அதையாவது திருத்திட்டுப் போடச் சொல்லக் கூடாதா?" என்று எலுபி ஒருநாள் வேண்டுமென்றே சீண்டினாள்.

ஃபைசன் திரையைப் பார்த்தார். யாரோ ஒரு பெண்மணி, எந்த ஊரோ, தேநீர் குடித்துவிட்டுக் காத்திருப்பதாக எழுதியிருந்தார். பெரிய மரம் இன்னும் வரவில்லை. நாற்றங்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, அந்த அம்மாளுக்கு எழுதத் தொடங்கினார்.